தங்கத்தை விட்டுப் பானையை எடுத்தவர்

வியாழக்கிழமை, மதியம் 1.40.

சிரேஷெல் ஊரின் பழைய பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்பறையில், பேராசிரியர் பர்சான் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அருகிலிருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்று, ஆயிரத்தெண்ணூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த ஒரு ஜோடித் தங்கத் தோடு. இன்னொன்று, கரடுமுரடான கறுப்பு மண்பானை. தோடு பத்திரமாக இருந்தது. பானையைக் காணோம்.

பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தைக் கோடைதோறும் அகழாய்வுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். வயலில் தோண்டுவது காலையில். கழுவி, எண் போட்டு, பெட்டியில் அடுக்குவது இங்கே. அன்று மாணவர்கள் எல்லோரும் பேருந்தில் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது நான்கே பேர்.

2.05.

ஊர்க் காவலர் வெத்தூரியா மோகா வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது. எங்கள் பக்கத்துக் குற்றமெல்லாம் வேலித் தகராறு, கோழித் திருட்டு, கல்யாண வீட்டுக் கைகலப்பு. இவற்றில் அவள் இதுவரை தோற்றதில்லை.

"தங்கம் இருக்கு, பானை போச்சா? சார், நல்லாப் பாத்தீங்களா?"

"மேடம், எனக்குக் கண்ணு தெரியும்!"

"கோவிச்சுக்காதீங்க. தோட்டை விட்டுட்டுச் சட்டியைத் தூக்கின திருடனை நான் பாத்ததே இல்ல. அதான்."

"அது சட்டி இல்ல," என்றார் பர்சான். "அது என் முப்பது வருஷம்."

முப்பது வருடமாக அவருக்கு ஒரே பேச்சு. ரோமானியர் இந்த மண்ணைப் பிடித்தபோது இங்கிருந்த தாச்சியர் பூண்டோடு அழிந்துபோகவில்லை. ரோமானியரின் நகையை மாட்டிக்கொண்டு, ரோமானியரின் பேரை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் தாச்சியராகவே வாழ்ந்தார்கள் என்பது அவர் கட்சி. "தோட்டை ஒரே நாள்ல மாத்திடலாம். பானையை மாத்த நூறு வருஷம் ஆகும்," என்று வகுப்பில் சொல்வார். சக பேராசிரியர்கள் சிரிப்பார்கள். போன மாதம்தான் பதினான்காம் கல்லறையில், ரோமத் தோடு போட்ட ஒரு பெண்ணின் காலடியில், கையால் வனைந்த அந்தப் பானை கிடைத்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். சிரித்தவர்கள் வாழ்த்தினார்கள்.

"இன்னிக்கி நாலு மணிக்கு க்ளூஜ் நகரத்துலேர்ந்து வேதியியல் நிபுணர் கிங்கா வர்றாங்க. பானைக்குள்ள ஒட்டியிருக்கறதைச் சுரண்டி எடுத்து, என்ன சமைச்சாங்கன்னு ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிக்கப் போறாங்க. இன்னிக்கின்னு பாத்துக் காணாமப் போகணுமா?"

"இன்னிக்கின்னு பாத்துத்தான் போயிருக்கு," என்றாள் வெத்தூரியா.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பானையைச் சுற்றியிருந்த மெல்லிய வெள்ளைத் தாள் நான்காக மடித்து ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தது. தோட்டுப் பொட்டலம், எண் மேலே தெரியும்படி நடுவில் இருந்தது. ஈரம் உறிஞ்சும் சின்னப் பை அதன் பக்கத்தில்.

"மூடி திறந்து கிடந்துச்சா?"

"இல்ல. ரெண்டு கொக்கியும் போட்டிருந்துச்சு."

அலமாரியில், பெட்டி இருந்த இடத்தை ஒட்டி, ஒரு புது மண் குவளை இருந்தது. பிடியில் சிவப்பு நூல். நிறையத் தண்ணீர்.

"எத்தனை தடவை சொல்றது!" பர்சான் அதை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். "இந்த ரூமுக்குள்ள காபி, தண்ணி எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு பொடிப்பசங்க கிட்ட தலைபாடா அடிச்சுக்கறேன்."

வெத்தூரியா குவளையை ஒரு கணம் பார்த்துவிட்டு, சாவியைப் பற்றிக் கேட்டாள்.

சாவி இரண்டு. ஒன்று பேராசிரியரின் பையில். இன்னொன்று சமையலறை ஆணியில். அதற்குப் பொறுப்பு, மண் வெட்டும் கவ்ரிலா. பன்னிரண்டுக்கு அறையைப் பூட்டும்போது பானை இருந்தது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை நால்வரும் முற்றத்து வாதுமை மரத்தடியில் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவை எழுந்து போனார்கள். பேராசிரியர் போன் பேச. சமையல்காரி டோம்னிகா ரொட்டி எடுக்க. பானை நிபுணர் ஸ்மராந்தா கை கழுவ. கவ்ரிலா கிணற்றுக்கு.

"கவ்ரிலாதான் அதிக நேரம்," என்றார் பர்சான், தரையைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. மியூசியத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாவட்டத்திலேர்ந்து நாலு மணிக்குப் போலீஸ் வண்டி வருதாம்."

"எனக்கு முன்னாடியே விசாரணை முடிஞ்சுதா? நல்லது," என்றாள் வெத்தூரியா.

2.20.

கவ்ரிலா லுப்ஷே, ஐம்பத்திரண்டு வயது, கிணற்றுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பதினான்கு கோடையாக இவர்களுக்கு மண் வெட்டுகிறவர். திங்கட்கிழமை அருங்காட்சியகத்தில் காவலாளி வேலைக்குக் கையெழுத்துப் போட இருந்தார். குளிர்காலத்திலும் சம்பளம் வரும் வேலை. வாழ்க்கையில் முதல் தடவை.

"கிணத்துல பத்து நிமிஷம் என்ன பண்ணினீங்க?"

"தண்ணி மொண்டேன் ஆபீசரம்மா. கிணத்துல வேற என்ன பண்ணுவாங்க, கல்யாணமா?"

"எடுத்தது நீங்களா?"

"தோட்டைத் தரையிலேர்ந்து எடுத்துக் குடுத்ததே நான்தான். அப்ப யாரும் பக்கத்துல இல்ல. சட்டைப் பையில போட்டிருந்தா எவனுக்குத் தெரியும்? இப்ப வந்து பானையைத் திருடினேனாம்." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "எம் பொண்டாட்டி ஊர் பூராச் சொல்லிட்டா, மியூசியம் வேலைன்னு. இனி கோயிலுக்கு எந்த மூஞ்சியோட போவா?"

வெத்தூரியாவுக்கு அவரைப் பதினைந்து வருடமாகத் தெரியும். தெரியும் என்பது சாட்சி ஆகாது. அவள் சமையலறைக்குப் போனாள்.

2.35.

டோம்னிகா இரும்பு அடுப்பின் மேல்தட்டிலிருந்து ஒரு வளையத்தைக் கொக்கியால் தூக்கி, அந்த ஓட்டையில் ஒரு மண்பானையை இறக்கினாள். கீழ்ப்பாதி நெருப்புக்குள், மேல்பாதி வெளியே. எங்கள் ஊரில் அவரைக்காய் வேறு எப்படியும் வேகாது.

"என்னையும் சந்தேகப்படுறியா வெத்தூரியா? சொல்லிடு, ஏப்ரனை மாத்திக்கிட்டு வர்றேன்."

"உன்னைப் புடிச்சுட்டுப் போனா சாயங்காலம் இவங்களுக்கு யாரு சோறு போடுறது? பானை எல்லாம் உன்னோடதா?"

"என்னோடதுதான். கல்யாணத்துக்கு வந்த ஆறு பானை. புருஷன் போயிட்டான், பானை ஒண்ணுகூட உடையல."

ஒன்று அடுப்பில் இருந்தது. பின்சுவர்ப் பலகையில் கரி படிந்து வரிசையாக ஆறு நின்றன.

வெத்தூரியா, காணாமல் போன பானையின் புகைப்படத்தை நீட்டினாள். அடியிலிருந்து மூன்று விரல் உயரம் வரை கன்னங்கரேலென்று கரி. அதற்கு மேல், கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல, கரி நின்றுவிட்டது.

"இதுல எப்படிச் சமைச்சிருப்பாங்க டோம்னிகா?"

டோம்னிகா படத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனாள். கண்ணாடி போடச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்து மூன்று வருடமாகிறது. "இதென்ன கேள்வி? வளையத்தைத் தூக்கிட்டு ஓட்டையில இறக்கினா இப்படித்தான் கரி புடிக்கும். எத்தனை தேச்சாலும் போகாது."

"சரி," என்றாள் வெத்தூரியா. "உன்கிட்ட பாலிங்கா இருந்தா ஒரு சின்ன பாட்டில் குடு."

"டூட்டியிலயா?"

"எனக்கில்ல."

2.50.

பானை நிபுணர் ஸ்மராந்தா இலியேஷ், நாற்பத்தொரு வயது, க்ளூஜ் பல்கலைக்கழகம். அழகாகத் தைத்த சணல் சட்டை. போனில் யாரிடமோ பிரெஞ்சில் பேசி முடித்துவிட்டு வந்தாள். வெத்தூரியா இரண்டு சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பாலிங்கா என்னும் பழச்சாராயத்தை ஊற்றி, ஒன்றை அவளிடம் நகர்த்தினாள்.

"குடிங்க மேடம். முகம் வெளுத்துப் போயிருக்கு."

ஸ்மராந்தா குவளையை எடுத்தாள். அது லேசாகச் சாய்ந்தது. இரண்டு சொட்டு பலகைத் தரையில் விழுந்தது. பிறகு ஒரே மூச்சில் குடித்தாள்.

"பதிவுத்தாள்ல எல்லாம் மையில எழுதியிருக்கு. பானையோட காலத்துக்கு நேரே மட்டும் பென்சில்ல கேள்விக்குறி. உங்க கையெழுத்தா?"

"ஆமா. ஆய்வுக்கூட முடிவு வரட்டும்னு."

"சார் டிவியில ஆயிரத்தெண்ணூறு வருஷம்னு சொன்னாரே."

"சார் சொன்னாரு. தாளை நிரப்பறது நான்."

"பானையைக் கண்டெடுத்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"இல்ல. சனிக்கிழமை மத்தியானம் க்ளூஜுக்குக் கிளம்பிட்டேன். புதன்கிழமை வந்தப்ப வாசல்ல டிவி வண்டி நின்னுச்சு."

"சொந்த ஊரே க்ளூஜா?"

"அங்கதான் வீடு."

வெத்தூரியா கேட்டது அதுவல்ல. ஆனாலும் தலையாட்டிவிட்டுத் தாளைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை: எலும்புக்கூடு, தோடு. செவ்வாய்க்கிழமை: பானை. நடுவில் ஒன்றும் இல்லை. பேராசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்னிக்கு ராத்திரி பேய்மழை, குழியோட ஒரு பக்கம் சரிஞ்சுடுச்சு. ஞாயிறு, திங்கள் பெந்தெகொஸ்தே திருநாள் லீவு. செவ்வாய்க்கிழமை சேத்தை வழிச்சா, கால்மாட்டுல பானை! உள்ள வெந்த கோதுமை மணி. ஈமப் படையல்! நான் அழுதுட்டேன் மேடம், வெக்கமில்லாம."

பெந்தெகொஸ்தேவுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் ஊர்களில் இறந்தவர்களின் நாள். வீட்டில் யார் போய்ச் சேர்ந்தார்களோ அவர்கள் பேரில் ஒரு பானையையோ குவளையையோ நிரப்பி, இன்னொருவர் கையில் கொடுப்பார்கள். வாங்குகிறவர் "போக்தாப்ரோஸ்தே" என்பார். கடவுள் மன்னிக்கட்டும் என்று பொருள். அதைத் தவிர வேறு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. வெத்தூரியாவும் அன்று தன் அப்பா பேரில் மூன்று குவளை கொடுத்திருந்தாள்.

அவள் எழுந்து, ஜன்னல் திட்டிலிருந்த குவளையைக் கையில் எடுத்தாள்.

3.30. வாதுமை மரத்தடி.

"கிங்கா மேடமும் வண்டியும் நாலு மணிக்கு," என்றாள் வெத்தூரியா. "அரை மணி நேரம் போதும். உக்காருங்க."

கவ்ரிலா மட்டும் நின்றார்.

"முதல்ல பானை. அடியில மூணு விரல் கரி, மேல நேர்கோடு. மூணு கல்லு அடுப்புல வச்சா தீ நாக்கு பானை பூரா நக்கும், கரி திட்டுத் திட்டாப் புடிக்கும். இப்படிக் கோடு போட்ட மாதிரி புடிக்க ஒரே வழிதான். இரும்பு அடுப்பு, வளையம் எடுத்த ஓட்டை. சார், ரோமானியர் காலத்துல இரும்பு அடுப்பு உண்டா?"

பேராசிரியர் மெதுவாகச் சொன்னார்: "நூத்தம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்னாடிகூட இங்க கிடையாது."

"அப்ப அந்தப் பானை எங்க ஊரு மாதிரி ஏதோ ஊருச் சமையக்கட்டுலேர்ந்து வந்துச்சு. பெந்தெகொஸ்தே சனிக்கிழமை, வெந்த கோதுமையோட. யாரும் உங்களை ஏமாத்த வைக்கல சார். அந்தப் பொம்பளைக்குக் குடுத்திருக்காங்க."

"யாருக்கு?"

"கல்லறையில இருந்தவளுக்கு. மழை அதைச் சேத்தால மூடிடுச்சு. நீங்க தோண்டி எடுத்துட்டீங்க."

டோம்னிகா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது, யாரு எடுத்தாங்க? தங்கம் வேண்டாம், இன்னிக்கு நாலு மணிக்கு முன்னாடி பானை போயாகணும். அப்ப எடுத்தவங்களும் வச்சவங்களும் ஒருத்தரே. இந்தக் குவளையைப் பாருங்க. புதுசு. சிவப்பு நூலு, செத்தவங்க பேர்ல குடுக்கறப்போ கட்டறது. நிறையத் தண்ணி. இது யாரோ மறந்து வச்ச டம்ளர் இல்ல. செத்தவங்களுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது. எடுத்தே ஆகணும்னா, அந்த இடத்துல வேற ஒண்ணு நிரப்பி வைக்கணும். சார், நீங்க அதைத் தள்ளி வச்சீங்க. உங்களுக்கு இது தெரியாது. அதனால எடுத்தது நீங்க இல்ல."

"எனக்குத் தெரியுமே," என்றாள் டோம்னிகா கவலையோடு.

"உனக்கும் தெரியும், கவ்ரிலாவுக்கும் தெரியும். ஆனா தாளை நாலா மடிச்சு, எண் மேல தெரியற மாதிரிப் பொட்டலத்தை வச்சு, ஈரம் உறிஞ்சற பையை நகையை ஒட்டி வச்சு, ரெண்டு கொக்கியும் போட்டுட்டுப் போறது உங்க வேலை இல்ல. திருடப் போன இடத்துலகூடத் தோட்டுக்கு ஈரம் படக்கூடாதுன்னு நெனைக்கற கை அது. அந்தக் கைக்கு ரெண்டும் தெரியும். மியூசியமும் தெரியும், சிவப்பு நூலும் தெரியும். இங்க அப்படி ஒருத்தர்தான். குடிக்கறதுக்கு முன்னாடி செத்தவங்களுக்கு ரெண்டு சொட்டு கீழ விட்டீங்க, ஸ்மராந்தா மேடம். உங்களுக்கே தெரியாம."

வெத்தூரியா சமையலறைக்குள் போய், பின்சுவர்ப் பலகையில் கடைசியாக நின்ற பானையோடு திரும்பி வந்தாள்.

"ஆறு பானைன்னு சொன்னே டோம்னிகா. ஒண்ணு அடுப்புல இருந்தப்பவும் பலகையில ஆறு இருந்துச்சு."

"அதானே பாத்தேன், இன்னிக்கு எடம் பத்தலையேன்னு!" என்றாள் டோம்னிகா.

ஸ்மராந்தா பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பேசியபோது க்ளூஜின் சாயல் குரலில் இல்லை.

"எங்கம்மாவோடது. மலைக்கு மேல எங்க ஊரு. பக்கத்து வீட்டுக்காரி கையாலயே வனைஞ்சு குடுத்தது. மார்ச் மாசம் அம்மா போயிட்டாங்க. வீட்டை வித்தாச்சு, அங்க பானையை வாங்கிக்க யாருமில்ல. க்ளூஜ்ல எதுத்த வீட்டுக் கதவைத் தட்டி இதைக் குடுத்தா என்னைப் பைத்தியம்னு நெனைப்பாங்க. சனிக்கிழமை குழியில அவ மட்டும் தனியாக் கிடந்தா. ஆயிரத்தெண்ணூறு வருஷமா அவளுக்கு யாரும் ஒண்ணும் குடுத்திருக்க மாட்டாங்க. அம்மா பேர்ல அவளுக்குக் குடுத்தேன். லீவு முடிஞ்சு நானே வந்து எடுத்துப் பத்திரமாப் புதைச்சுடலாம்னு நெனைச்சேன். பரீட்சை வேலை, ஒரு நாள் தாமதமாயிடுச்சு."

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே," என்றார் பர்சான்.

"நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க சார். கேமரா முன்னாடி." அவள் நிமிர்ந்தாள். "அதுவும் முழு உண்மை இல்ல. பானை நிபுணர், டாக்டர் இலியேஷ், பொணத்துக்குக் கோதுமை வேகவச்சுப் போட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கிங்கா வர்றாங்கன்னு தெரிஞ்சதும் குவளை வாங்கினேன்."

பர்சான் பானையைப் பார்த்தார். அவர் முகத்தில் முப்பது வருடமும் ஒரேயடியாக ஏறிவிட்டதைப் பார்க்க வெத்தூரியாவுக்கே சங்கடமாக இருந்தது.

"போச்சு," என்றார் அவர். "எல்லாம் போச்சு."

"பானை போச்சு சார்," என்றாள் வெத்தூரியா. "நீங்க சொல்ற சங்கதி போகல. பிரெஞ்சு, டாக்டர் பட்டம், க்ளூஜ் வீடு, அதெல்லாம் தோடு. பானை இதோ மடியில இருக்கு."

பேராசிரியர் தலை நிமிர்த்தி ஸ்மராந்தாவைப் பார்த்தார். அவளோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர், முதல் தடவை பார்ப்பதுபோல்.

கவ்ரிலா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எதுத்தாப்புலதான உக்காந்திருந்தீங்க டீச்சரம்மா. சாப்பாட்டுல. அப்பறம் சார் என்னைத் திருடன்னு சொன்னப்பவும் எதுத்தாப்புலதான் நின்னீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல. அதுக்குக் காரணம் ஒண்ணும் கிடையாது, கவ்ரிலா அண்ணே. பயம்தான்."

அவர் கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்ட வலி பட்டதுதான். இரண்டு மணி நேரம் திருடனாக இருந்தவருக்குக் காரணம் எதுவும் போதாது.

ஸ்மராந்தா பானையை மேசையில் வைத்தாள். வெத்தூரியாவிடமிருந்து குவளையை வாங்கினாள். தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவ்ரிலாவின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மா பராஸ்கா பேர்ல," என்றாள்.

கவ்ரிலா வாங்கவில்லை. குவளையை எட்டிப் பார்த்தார். "தண்ணியா? அவ்வளவு தூரம் படிச்சுட்டு, ஒரு பாலிங்கா ஊத்தத் தோணலையா?"

டோம்னிகா ஒரு சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கினாள். ஸ்மராந்தா சிரிக்கவில்லை. குவளையை நீட்டியபடியே நின்றாள்.

மாவட்ட வண்டி பாலம் ஏறும் சத்தம் கேட்டது. பர்சான் போனை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனார். "மியூசியமா? காலையில... இல்ல, மத்தியானம் சொன்னது. தப்பு என்னோடது. திங்கக்கிழமை கவ்ரிலா வேலைக்கு வருவாரு," என்று அவர் சொல்வது எல்லோருக்கும் கேட்டது.

கவ்ரிலா தொப்பியைக் கழற்றினார். குவளையை வாங்கினார். இரண்டு சொட்டு மண்ணில் விட்டுவிட்டு, மிச்சத்தை அடி வரைக்கும் குடித்தார். புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"போக்தாப்ரோஸ்தே," என்றார்.

குவளையை அவர் திருப்பித் தரவில்லை. வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை.